காட்சிக்கூடமும் லயமும்: ஊவாப் பெருந்தோட்ட மக்களின் பண்பாட்டைக் காட்சிப்படுத்தல் குறித்துச் சில சிந்தனைகள்

I

1924 ஆம் ஆண்டு ஊவா மாகாணத்தின் சமுதாய வரலாற்றில் இருவகையால் முக்கியத்துவம் வாய்ந்தது. அவ்வாண்டு பெப்ருவரி மாதத்திலே மலைநாட்டுப் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. தெமோதரையின் சுழல் பாதையையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து வந்த அப்பாதை, ஊவா மலைச்சரிவுகளிலே பறிக்கப்பட்டுப் பதஞ்செய்யப்பட்ட தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்திற்கு விரைவாகக் கொண்டு செல்லும் நோக்குடனேயே அமைக்கப்பட்டது. இரு மாதங்கள் கழித்து, ஏப்பிரல் மாதத்தில், இலண்டன் மாநகரை அடுத்த வெம்பிளியில் பிரித்தானியப் பேரரசுப் பொருட்காட்சி தொடங்கிவைக்கப்பட்டது. இலங்கைக்கும் அங்கே தனி மண்டபம் ஒன்று இருந்தது. இலங்கைத் தேயிலை அங்கு உலகின் பார்வைக்கு வைக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் தொடர்பற்றவையாகக் கருதுவது தவறாகும். ஒன்று பண்டத்தை இடம்பெயர்த்தது; மற்றையது அப்பண்டத்திற்கு மதிப்பும் கவர்ச்சியும் ஊட்டியது. பண்டம் நகர்ந்தது, பண்டத்தைப் படைத்த கரங்கள் லயங்களிலேயே தங்கின. காட்சிப்படுத்தல் என்னும் செயல் எத்துணை வெளிப்படையானதாகத் தோன்றினும் அது ஒன்றைக் காட்டும்பொழுதே மற்றொன்றை மறைக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று பல்கலைக்கழகங்கள் தம்மைச் சூழவுள்ள மக்களின் வாழ்வையும் பண்பாட்டையும் தமது கலைக்கூடங்களிலே காட்சிக்கு வைப்பதில் ஆர்வங்காட்டி வருகின்றன. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் ‘மக்களின் பண்பாடு’ என்னும் தொடர் உச்சரிக்கப்பட்ட மாத்திரத்தில் நாம் மகிழ்ந்துவிடலாகாது. எம்மக்கள்? யாருடைய பார்வையில்? யாருக்காக? இவ்வினாக்களை ஊவாத் தோட்டத் தொழிலாளரை மையமாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

II

பெருந்தோட்டத் தொழிலாளி காட்சிப்பொருளாக்கப்பட்டமை புதியதன்று. அதற்கென ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1870களின் பிற்பகுதியில் களுத்துறையில் வாழ்ந்த புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், தம் கணவரது தோட்டங்களை அண்டி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் சிலரைப் படம் பிடித்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த உருவப்படங்களுட் பல தெனிசன், டார்வின் முதலிய பெயர்களைத் தாங்கி நிற்க, இலங்கையில் எடுக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை பெயரற்ற முகங்களாகவே எஞ்சியுள்ளன. கலைஞரின் திறமையில் இவ்விரு தொகுதிக்குமிடையே வேறுபாடு இல்லை. படம் பிடிக்கப்பட்டவர்களின் சமூக நிலையிலேயே வேறுபாடு உண்டு.

கமரனுக்குப் பின்னர் வணிகப் புகைப்பட நிலையங்கள் தொழிலைக் கையேற்றன. கூடையைத் தலையிலே தொங்கவிட்டுப் புன்னகை புரியும் கொழுந்து பறிக்கும் பெண் அஞ்சலட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் நிலைபேறு பெற்றாள். 1890 ஆம் ஆண்டில் இலங்கை வந்து, அப்புத்தளைப் பகுதியிலே தம்பேதன்னை முதலிய தோட்டங்களைத் தமதாக்கிக்கொண்ட தோமஸ் லிப்டன், தேயிலை தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கேத்தலுக்கு வருகின்றது என்று விளம்பரஞ் செய்தார். ‘நேராக’ என்ற அவ்வொரு சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இடைத்தரகர்களை அகற்றிவிட்டதாக நுகர்வோருக்கு உணர்த்துவது அதன் வெளிப்படைப் பொருள். ஆனால் கவ்வாத்து வெட்டியவனும், கொழுந்து பறித்தவளும், மூட்டை சுமந்தவனும், ஆலையில் இரவெல்லாம் விழித்திருந்தவனும் அச்சொல்லினுள்ளே கரைந்து மறைந்துபோகின்றனர். தோட்டமும் கேத்தலுமே எஞ்சுகின்றன.

மூலதனம் நூலின் தொடக்க அத்தியாயத்திலே மார்க்ஸ் பண்டத்தின் மாயத்தன்மை பற்றி விளக்கியிருப்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மனிதருக்கிடையேயான சமூக உறவுகள் பொருள்களுக்கிடையேயான உறவுகள் போலத் தோற்றங்கொள்வதே அம்மாயம். பேரரசுப் பொருட்காட்சிகள் இம்மாயத்தை வளர்க்கும் பெருங்கோயில்களாக விளங்கின. 1893 ஆம் ஆண்டின் சிக்காகோப் பொருட்காட்சியிலும் இலங்கை மண்டபம் எழுப்பப்பட்டு அங்கே தேநீர் பரிமாறப்பட்டது. அமெரிக்கச் சந்தையைத் திறப்பதே நோக்கம். 1934 இல் பசில் றைற் இயக்கிய ‘இலங்கைப் பாடல்’ என்னும் விவரணத் திரைப்படம் கலையழகு மிக்கது எனத் திறனாய்வாளர் பலராலும் போற்றப்படுவது. எனினும் அது தேயிலைப் பிரசார சபையின் பொருளுதவியுடன் உருவானது என்பதை மறந்துவிட்டு அதன் அழகைப் பற்றி மட்டும் பேசுவது முழுமையான விமர்சனம் ஆகாது.

இவ்வரலாற்றை ஏன் நினைவுகூர வேண்டும்? பல்கலைக்கழகக் கூடத்திலே ஒரு கொழுந்துக் கூடையையும் ஒரு கவ்வாத்துக் கத்தியையும் ஒளிவிளக்கின் கீழ் வைத்து, ‘மலையக மக்களின் பாரம்பரியப் பொருள்கள்’ என்று பெயர்ப்பலகை இடுவோமாயின், நாமும் அறிந்தோ அறியாமலோ வெம்பிளியின் வழியிலேயே செல்கின்றோம். அங்கே தேயிலை உழைப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. இங்கே கருவி உழைப்பிலிருந்து பிரிக்கப்படுகின்றது. இரண்டிலும் காணாமற் போவது உற்பத்தி உறவே.

III

சமூகத்தின் கலைகளைப் பல்கலைக்கழகத்தினுள் கொணரும் முயற்சி ஈழத்திலே முன்னுதாரணம் அற்றதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 1960களில் மேற்கொண்ட பணி இத்துறையில் முதன்மையானது. கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் ஆகிய கூத்துகள் மட்டக்களப்பு மரபின் அடியாகப் பல்கலைக்கழக மாணவரால் மேடையேற்றப்பட்டபோது, அதுவரை படித்தோரால் ‘நாட்டுப்புறத்தாரின் ஆட்டம்’ என ஒதுக்கப்பட்ட கலை புதிய மதிப்பைப் பெற்றது. தேசிய கலை மரபு பற்றிய விழிப்புணர்ச்சி பரவிய காலத்தின் விளைவு அது. அதன் பங்களிப்பை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

ஆயினும் விமர்சன நோக்கில் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து சில மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டுப் படச்சட்ட மேடைக்கு வந்தபோது, பார்வையாளர் வர்க்கமும் மாறியது. கிராமத்திலே கூத்தைக் காண்போர் ஆடுவோரின் உறவினர், அயலவர்; மண்டபத்திலே அவர்கள் பெரும்பாலும் நகர்ப்புற மத்தியதர வகுப்பினர். கலை பெற்ற மதிப்பு கலைஞனுக்கு எவ்வளவு சென்றடைந்தது என்ற வினா அன்று முதல் இன்றுவரை தொடர்ந்து எழுகின்றது. காட்சிக்கூடத்தைத் திட்டமிடுவோர் அவ்வனுபவத்திலிருந்து கற்க வேண்டியது இதுவே: இடமாற்றம் என்பது வெறும் இடமாற்றமன்று, அது பொருள் மாற்றமும் ஆகும்.

மலைநாட்டின் இரு நூதனசாலைகளை ஒப்புநோக்கினால் விடயம் மேலும் தெளிவாகும். கண்டி ஹந்தானையில் பழைய தேயிலை ஆலையொன்றிலே 2001 இல் திறக்கப்பட்ட இலங்கைத் தேயிலை நூதனசாலை, உருட்டும் இயந்திரங்களையும் உலர்த்தும் இயந்திரங்களையும், ஜேம்ஸ் ரெயிலர், லிப்டன் முதலியோரின் நினைவுகளையும் பேணுகின்றது. தொழில்நுட்ப வரலாற்றை அறிய விழைவோர்க்கு அது பயனுடையது. கம்பளையை அடுத்த பாரதெக்கையில், பழைய பீக்கொக் தோட்டத்தின் லயன் அறைகளிலே, 2007 இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையோ வேறு நோக்குடையது. தொழிலாளர் பயன்படுத்திய கருவிகள், வீட்டுப் பொருள்கள், இசைக்கருவிகள், ஆவணங்கள் ஆகியவை அவர்கள் வாழ்ந்த காம்பராவுக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. முன்னையதில் தேயிலைக்கு வரலாறு உண்டு; பின்னையதிலே தேயிலையை விளைவித்தோருக்கு வரலாறு உண்டு. இரண்டு கட்டடங்களும் ஒரே தொழிலிலிருந்து பிறந்தவை. அவற்றிலே பேசும் வர்க்கங்கள் வேறு.

யாழ்ப்பாணத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. 2004 இல் யாழ். பொது நூலகத்தில் நடைபெற்ற ‘அகம்-புறம்’ கண்காட்சியிலே ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடமிருந்து திரட்டிய அன்றாடப் பொருள்களைக் கொண்டு யுத்தகால வரலாற்றை எடுத்துரைத்தார். எரியூட்டப்பட்டு மீளக் கட்டப்பட்ட நூலகத்திலே சாதாரண மனிதரின் பொருள்கள் வரலாற்றுச் சான்றுகளாக உயர்ந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே நுண்கலை பயின்ற மலையகத்துப் பிள்ளைகள் சிலர் இந்நெறியைத் தம் சொந்த வாழ்வுக்கு உரியதாக்கியமை குறிப்பிடத்தக்கது. அட்டன் பகுதியைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேநீர் வடிகளையும் ஊடகமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சித்திரித்தார். அஞ்சலட்டையிலே பார்க்கப்பட்டவளின் மகள் இப்பொழுது பார்ப்பவளாகவும் படைப்பவளாகவும் மாறியுள்ளாள். இது சிறு மாற்றமன்று.

2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவுகூரப்பட்ட வேளையில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் நடந்த பாதையிலே நடைபவனி ஒன்று மேற்கொள்ளப்பட்டது. சுவரும் கூரையும் அற்ற காட்சிக்கூடம் என்று அதனை வருணிக்கலாம். பாதையே அங்கு காட்சிப்பொருள். நடப்போரே அதன் விளக்கவுரையாளர்.

IV

ஊவாவுக்கு வருவோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், பதுளை மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்குச் சற்றுக் குறைவானோர் இந்தியத் தமிழர் என்ற தலைப்பின் கீழ்ப் பதிவாகினர். பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎலை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களிலே அவர்களது வாழ்வு அமைந்துள்ளது. இத்தோட்டங்கள் சூழ்ந்த பதுளை நகரிலே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்கு ஒரு கற்கைநெறி. தேயிலையை ஆராயும் ஒரு கல்விநிலையம் அமைந்த மண்ணிலே, தேயிலை மக்களின் வாழ்வைக் காட்டும் கூடம் ஒன்று எவ்வாறு அமைதல் வேண்டும் என்று சிந்திப்பது பொருத்தமுடையதே.

முதலிலே கருவிகளும் சின்னங்களும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, இந்தியாவில் ஆள்சேர்க்கப்பட்ட தொழிலாளரின் கழுத்திலே அல்லது கையிலே தகரத் துண்டு ஒன்று கட்டப்பட்டது. அவர் போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் குறியீடும் எண்ணும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. பொதிக்கு முகவரி எழுதுவது போல மனிதருக்கு முகவரி எழுதப்பட்டது. இத்தகரத்தைக் காட்சிக்கு வைப்போர் அருகிலேயே ‘துண்டு’ முறையையும் விளக்குதல் வேண்டும். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு நீங்க வேண்டுமாயின் அவரது கடன் தொகையைக் குறித்த துண்டு ஒன்றைப் பெறுதல் வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவரைப் பெற்றுக்கொள்ளும். 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இம்முறை கடனையும் மனிதனையும் ஒன்றாகப் பிணைத்து வைத்தது. பெரிய கங்காணியின் செல்வமும் செல்வாக்கும் இப்பிணைப்பிலேயே வேர்கொண்டிருந்தன. ஆகவே சுரண்டல் வெள்ளைத் துரையோடு மட்டும் தொடங்கி முடிந்ததாகக் காட்டுவது அரைகுறை உண்மையாகும்.

அவ்வாறே மட்டக்கம்பு. தளிர்களை ஒரே மட்டமாகப் பறிப்பதற்குப் பெண்கள் செடிமேல் வைக்கும் மெல்லிய கோல் அது. பார்வைக்கு எளிய மரத்துண்டு. ஆயின் உற்பத்தியின் ஒழுங்கு தொழிலாளியின் கையசைவினுள்ளே எவ்வாறு புகுத்தப்படுகின்றது என்பதற்கு அதனைப்போல் விளக்கந் தரும் பொருள் வேறில்லை. அதன் பக்கத்திலே நிறுவைத் தராசும், கொழுந்தின் நிறையைக் குறிக்கும் பெயர்ப்பதிவும் வைக்கப்படுமாயின் பார்ப்போன் ஒரு நாளின் கணக்கைத் தானே கூட்டிப் பார்க்க இயலும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமநாட்சம்பளம் 1984 வரை கிட்டவில்லை என்பதும் அங்கே எழுதப்படல் வேண்டும். தேயிலையின் தரம் பெண்ணின் விரல் நுனியிலே தங்கியிருந்தது. அவ்விரலுக்கு விலை குறைவாக வழங்கப்பட்டது.

அடுத்து, நம்பிக்கைகளும் கலைகளும். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மாரியம்மன், முனியாண்டி வழிபாடுகளுடன், தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்களும் இம்மக்களுக்கு உண்டு. கவ்வாத்துத் தொடங்குமுன் வணங்கப்படும் கவ்வாத்துச்சாமியும், ஆலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனியும் எப்புராணத்திலும் இடம்பெறாதவை. கூரிய கத்தியும் சுழலும் இயந்திரமும் உடலை ஊனப்படுத்தக்கூடிய சூழலிலே, பாதுகாப்புச் சாதனமோ நட்டஈடோ உறுதியாக இல்லாத நிலையிலே, மனிதன் தெய்வத்தைப் படைத்துக்கொண்டான். சமயத்தை மக்களின் மயக்கம் என்று மட்டும் கூறி அமைதல் மார்க்சியமாகாது; இதயமற்ற உலகொன்றின் இதயமாகவும் அதனை மார்க்ஸ் கண்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

தப்பு என்னும் இசைக்கருவியும் அத்தகையது. பெரட்டுக்களத்திற்குத் தொழிலாளரை அழைக்க விடியற்காலையிலே அது முழங்கியது. மாலையிலும் திருவிழாவிலும் மரணத்திலும் அதுவே முழங்கியது. உழைப்பின் நேரத்தை அளந்த கருவியே ஓய்வின் மகிழ்ச்சியையும் அளித்தது. ஆனால் அதனைக் கொட்டியவர் எச்சாதியினர், ஏன் அவரே கொட்ட வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் ‘மலையகத்தின் தாளம்’ என்று புகழ்வது சாதிக் கொடுமையை இசையால் மூடுவதாகும். ஒடுக்கப்பட்ட சமூகத்தினுள்ளும் ஒடுக்குமுறை இருந்தது. அதனை மறைத்துச் செய்யப்படும் கண்காட்சி மக்களைப் போற்றுவதாகத் தோன்றினும் அவர்களுட் கடைநிலையில் இருந்தோரை மீண்டும் ஒருமுறை வெளியே நிறுத்துகின்றது.

மூன்றாவதாக, ஆவணங்கள். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே பதுளையிலிருந்தும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர் ஒருவர் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வந்த சட்டங்களால் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். குடும்பங்கள் பிளவுண்டன. தாயகம் திரும்புவோரை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். 1924 இல் தேயிலையை ஏற்றிச் செல்ல வந்த அதே பாதை, அரை நூற்றாண்டின் பின்னர் தேயிலையை விளைவித்தோரை ஏற்றிச்சென்றது. நாடற்றோர் நிலை நீங்குவதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் தோட்டத்து வீடுகளிலே தகரப் பெட்டிகளின் அடியிலே பழைய விண்ணப்பங்களும் கடவுச்சீட்டுகளும் பதிவுச் சான்றுகளும் பேணி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவை கலைப்பொருள்கள் அல்ல. ஆனால் ஒரு காகிதத்தின்மேல் மூன்று தலைமுறையின் வாழ்வு தொங்கிநின்ற வரலாற்றை எவ்வோவியமும் அவற்றைப்போல் உரைக்காது.

நான்காவதாக, போராட்டம். துன்பத்தை மட்டும் காட்டும் கண்காட்சி இரக்கத்தை விளைவிக்கும், வரலாற்றை விளைவிக்காது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானதைத் தொடர்ந்து மலைநாடெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தது. ஊவாவிலே அவ்வலையின் உச்சம் பதுளையை அண்டிய வேவெஸ்ஸ தோட்டமாகும். சமசமாஜக் கட்சியின் தலைமையிலான தொழிற்சங்கத்தின் கீழ்த் திரண்ட தொழிலாளர் அங்கே தமக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையொன்றை அமைத்தனர்; அச்சபையைக் கலந்தாலோசித்து நடக்கத் தோட்டத்துரை இணங்க வேண்டியதாயிற்று. ஆயுதந்தாங்கிய பொலிஸார் நிராயுதபாணிகளாக்கப்பட்டனர். பின்னர் அடக்குமுறையும், ஊவாவை வெளியுலகிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அப்போராட்டத்தை முறியடித்தன. தோல்வியுற்றது எனினும், எழுதப் படிக்க அறியாதோர் எனப் பழிக்கப்பட்ட மக்கள் தமது உழைப்பிடத்தைத் தாமே நிருவகிக்கும் ஆற்றலுடையோர் என்பதை அது நிறுவியது. பதுளையில் அமையும் எக்கூடத்திலும் வேவெஸ்ஸவுக்கு இடமில்லையாயின் அது பதுளையின் கூடமாகாது.

V

இவ்விடத்திலே மற்றொரு பிரச்சினையையும் எதிர்கொள்ளல் வேண்டும். ஊவா வெல்லஸ்ஸ என்னும் பெயர் 1817–18 இல் பிரித்தானியருக்கு எதிராக எழுந்த பெருங் கிளர்ச்சியை நினைவூட்டுவது. அக்கிளர்ச்சியை ஒடுக்குகையிலே வயல்களும் வீடுகளும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. பின்னர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உறுதியற்ற காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவையாக்கித் தோட்டக்காரருக்கு வழிதிறந்தது. சிங்கள விவசாயி தன் நிலத்தையும் சேனையையும் இழந்தான். தமிழ்த் தொழிலாளி நிலமற்றவனாகவே அந்நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டான். ஒரே மூலதனத்தின் இரு விளைவுகள் இவை. ஆயினும் நிலத்தைப் பறித்தவர் யார் என்ற வினா மறக்கடிக்கப்பட்டு, பறிக்கப்பட்ட நிலத்திலே வேலை செய்தவன் அந்நியன் என்ற எண்ணம் வளர்க்கப்பட்டது. இனவாத அரசியல் அதிலே வேரூன்றியது.

எனவே கிராமத்தையும் தோட்டத்தையும் இரு தனி அறைகளிலே, இரு ‘பண்பாடுகள்’ ஆகப் பிரித்து வைப்பது போதாது. 1840 ஆம் ஆண்டுச் சட்டமும் தகரத் துண்டும் ஒரே மேசையின் மீது வைக்கப்படல் வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் விளக்கங்கள் சம அளவில் எழுதப்படல் வேண்டும். அப்பொழுதே கிராமத்து மாணவனும் தோட்டத்து மாணவனும் தத்தம் இழப்பை ஒருவரது குற்றமாக மற்றவர் எண்ணாது, பொதுவான காரணத்தை நோக்கித் திரும்புவர். வேவெஸ்ஸவில் சிங்கள இடதுசாரித் தலைவர்களும் தமிழ்த் தொழிலாளரும் ஓரணியில் நின்றமை இதற்கு வரலாறு தரும் சான்றாகும்.

VI

இனி நடைமுறை பற்றிச் சில கூறல் தகும். 1972 இல் சிலி நாட்டின் சந்தியாகோ நகரிலே யுனெஸ்கோவின் ஆதரவில் கூடிய வட்டமேசை மாநாடு, நூதனசாலை சமுதாயத்தின் வாழும் பிரச்சினைகளோடு பிணைந்திருத்தல் வேண்டும் என வலியுறுத்தியது. அதே காலப்பகுதியிலே பிரான்சின் லெ கிறெசோ என்ற இரும்புத் தொழில் நகரிலே, நகரின் தொழிலாளரையே பங்காளராகக் கொண்ட சூழல்சார் நூதனசாலை ஒன்று உருவானது. தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் 1994 இல் தொடங்கிய ஆறாம் வட்டார நூதனசாலையிலே, நிறவெறி அரசால் வெளியேற்றப்பட்ட மக்கள் தரையிலே விரிக்கப்பட்ட பழைய நகர வரைபடத்தில் தம் வீடுகள் இருந்த இடங்களைத் தாமே குறித்தனர். ஒப்பாரிக் கோச்சியில் அனுப்பப்பட்டோரின் உறவினருக்கு இம்முறை எத்துணைப் பொருந்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஊவாத் தோட்டங்களின் வரைபடம் ஒன்றை விரித்து, எந்த லயத்திலிருந்து யார் சென்றனர் என்று குறிக்கச் சொன்னால், நூலகங்களிலே கிடைக்காத வரலாறு ஒரு நாளிலே எழுதப்பட்டுவிடும்.

ஆனால் அம்மக்கள் கூடத்துக்கு வர வேண்டுமே! பெரும்பாலான கண்காட்சிகள் வாரநாட்களிலே, அலுவலக நேரத்திலே திறந்திருக்கின்றன. நாட்சம்பளத்துக்கு உழைக்கும் பெண் அன்று வந்தால் அன்றைய சம்பளத்தை இழப்பாள். பஸ் கட்டணம் வேறு. ‘மக்களுக்காக’ நடத்தப்படும் கண்காட்சி அம்மக்களுக்கு ஒரு நாட்கூலியை விலையாக வைக்கின்றது என்பதை ஏற்பாட்டாளர் எண்ணிப்பார்ப்பதில்லை. ஆகவே ஞாயிறும் போயா தினமுமே அதற்குரிய நாட்கள். கூடம் தோட்டத்துக்குச் செல்வது அதனினும் சிறந்தது. வாசிகசாலையிலும் கோயில் மண்டபத்திலும் பாடசாலையிலும் பொருள்களை வைக்கலாம். பொருள்களை இரவல் தந்தோரின் பெயர், அவர் அனுமதித்தால், பொருளின் பெயருக்கு முன்னதாக எழுதப்படல் வேண்டும். கமரனின் படங்களிலே விடுபட்ட பெயர்களுக்கு நாம் செய்யக்கூடிய பரிகாரம் அதுவே.

காமன் கூத்து போன்றவை பற்றியும் எச்சரிக்கை தேவை. மாசி மாதத்திலே கம்பம் நட்டு, நாட்கள் பலவாக நிகழ்ந்து, காமன் எரிவதோடு முடியும் அக்கூத்திற்குத் தோட்டம் முழுவதுமே அரங்கு. நேர்த்திக்காக வேடங்கட்டுவோரும் உண்டு. அதன் உடையையும் முடியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதால் கூத்து காட்சிக்கு வந்துவிடாது. ஆடுவோரின் சொற்களிலேயே அதனை விளக்கி, ஆடும் காலத்திலே மாணவரை அங்கு அனுப்புவதே முறை.

VII

இறுதியாக, இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகின்றோம். நூதனசாலை என்பது பொதுவாக முடிந்துபோனவற்றின் இருப்பிடம். ஏரும் செக்கும் வழக்கொழிந்தபின் அங்கு வந்து சேர்கின்றன. ஆனால் லயம் வழக்கொழியவில்லை. ஊவாவின் தோட்டங்களிலே இன்றும் குடும்பங்கள் அவற்றிலே வாழ்கின்றன. அம்மண்ணின் மீது அவர்களுக்கு உரித்துமில்லை. 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடியேறுவதற்கு நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பரிலே டித்வா சூறாவளியுடன் வந்த பெருமழை பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளை மீண்டும் சிதைத்தபோது, அதே வினா மறுபடியும் எழுந்தது.

இந்நிலையிலே ஒரு காம்பராவை அச்சொட்டாகக் கூடத்தினுள் அமைத்து, புகைபடிந்த சுவரையும் அடுப்பையும் தத்ரூபமாகக் காட்டி, பார்வையாளரை வியக்கவைப்பது அறமாகுமா? சில மைல் தொலைவிலே அதனுள் மனிதர் உறங்குகின்றனர். வாழும் இழிநிலையை ‘மரபுரிமை’ ஆக்குவது அதற்கு நிலைபேறு அளிப்பதாகும். தேயிலைக் கூடையை மாட்டிப் படமெடுத்துக்கொள்ளும் உல்லாசப் பயணியின் மனநிலைக்கும் அத்தகைய கண்காட்சிக்கும் தூரம் அதிகமில்லை.

ஆயின் லயத்தைக் காட்டவே கூடாதா? காட்டலாம், காட்ட வேண்டும். அதன் நீள அகலங்களையும், எத்தனைபேர் அதில் வாழ்ந்தனர் என்பதையும், அது கட்டப்பட்ட ஆண்டையும், நிலவுரித்துக் கோரி அதில் வாழ்வோர் எழுதிய விண்ணப்பங்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இரு மாற்றங்களிலும் லயம் மாறாதிருந்தமை ஏன் என்ற வினாவை அதன் வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும். அப்பொழுது அது கடந்தகாலத்தின் நினைவுச்சின்னமாக இராது, நிகழ்காலத்தின் மீதான குற்றப்பத்திரமாக அமையும்.

பல்கலைக்கழகம் இதனைச் செய்வது தோட்ட மக்களுக்கு வழங்கும் சலுகையன்று. இந்நாட்டின் இலவசக் கல்வி உள்ளிட்ட சமூக நலன்களுக்கு அடித்தளமான அந்நியச் செலாவணியிலே பெரும்பங்கு அம்மக்களின் உழைப்பால் ஈட்டப்பட்டது. அக்கல்வியின் பயனை அவர்களே மிகக் காலந்தாழ்த்திப் பெற்றனர். ஆகவே கூடத்தின் சுவர்கள் அவர்களுக்குச் செலுத்தப்பட வேண்டிய கடனின் ஒரு சிறு பகுதியே. வெம்பிளியிலே தேயிலை பேசியது. தொழிலாளி மௌனமாக இருந்தாள். ஒரு நூற்றாண்டு கழிந்தபின்னர் பதுளையிலே எழும் கூடத்தில் அவள் பேசுவாளா, அல்லது மறுபடியும் புன்னகைக்கும் படமாகவே தொங்குவாளா என்பது கலைரசனை பற்றிய வினாவன்று. அவளுக்காகப் பேசுவோர் எப்போது ஒதுங்கிநின்று கேட்கத் தொடங்குவர் என்பதைப் பொறுத்தே அதன் விடை அமையும்.